நைட் ஷிப்ட் குடும்பத்துக்கு ஏற்ற பனிச்சறுக்கு ஊர்: அவுலியா, குல்மார்க்கா, மனாலியா?

போன பிப்ரவரி கடைசியில் நாங்கள் மூன்று பேரும் பனிச்சறுக்குக்குப் போய்விட்டு வந்தோம். நான், என் கணவர் ஆரோக்கியம், மூன்று வயது மகள் ஜெனி. எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து பனிமலைக்குப் போகிறவர்கள், வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எனக்கு அது போதாது. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே சறுக்க வேண்டும், அது ஒன்று. இரவு பத்து மணிக்கு மேலும் பாட்டும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற ஊராக வேண்டும், அது இன்னொன்று. குழந்தையை வைத்துக்கொண்டு உனக்கு நைட் லைஃப் கேட்கிறதா என்றாள் என் அக்கா. ஆமாம், கேட்கிறது. ஏனென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஊரைத் தேர்ந்தெடுத்த விதம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

என் கணவருக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டும் வேலை. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை நிரந்தர நைட் ஷிப்ட். கேட்டு வாங்கிய ஷிப்ட் அது. எனக்கு ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. ஜெனிக்கு இளைப்பு உண்டு. எங்கள் பக்கத்துக் காற்றில் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது, எங்கள் வீட்டில் நெபுலைசர் மிக்சிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவளை நாள் முழுக்க வெளியாளிடம் விட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் பகலில் அவர், இரவில் நான் என்று பிரித்துக்கொண்டோம். காலை ஒன்பதுக்குக் கம்பெனி பஸ் அவரைத் தெருமுனையில் இறக்கும், ஒன்பது பத்துக்கு நான் கிளம்புவேன். மாலை ஆறரைக்கு நான் வருவேன், ஆறே முக்காலுக்கு அவருக்கு பஸ். காலையில் ஜெனி ப்ளே ஸ்கூலில் இருக்கும்போதும் மதியம் அவள் தூங்கும்போதும் அவர் தூங்குவார்.

யார்டில், ஒருத்தரை மாற்றிவிட வருகிறவரை ரிலீவர் என்பார்கள். ரிலீவர் வராமல் கிரேனை விட்டு இறங்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். என் நம்பரை அவர் போனில் 'ரிலீவர்' என்றுதான் போட்டு வைத்திருக்கிறார்.

வார லீவிலும் அவர் உடம்புக்கு லீவு தெரியாது. பகலில் சாய்ந்தால் தூங்கிவிடுவார், இரவெல்லாம் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பார். இந்த மனிதரை எட்டு மணிக்கு அடங்கிப்போகிற மலைக்குக் கூட்டிப்போனால் என்ன ஆகும்? நானும் குழந்தையும் கம்பளிக்குள் இருப்போம், அவர் வராந்தாவில் இருப்பார். அவர் விழித்திருக்கும் நேரத்தில் ஊரும் விழித்திருக்க வேண்டும், பக்கத்தில் நானும் விழித்திருக்க வேண்டும். ஒரு ராத்திரியாவது நாங்கள் சேர்ந்து வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது.

ஆக, மூன்று ஊர்கள். மூன்றிலும் ஓட்டல்களுக்கு போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டேன்: இரவு பத்துக்கு மேல் உங்கள் ஊரில் என்ன திறந்திருக்கும்?

அவுலிக்காரர் சிரித்தேவிட்டார். எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு ஹீட்டர், அதற்கப்புறம் மலையும் நீங்களும்தான் மேடம் என்றார். புதிதாகக் கற்றுக்கொள்ள நல்ல சரிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரைக்குமே சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. உயரமும் அதிகம். ஜெனியின் நெஞ்சை நினைத்துத் தள்ளிவிட்டேன்.

குல்மார்க்கில் பேசியவர் மரியாதையானவர். பனி என்றால் எங்கள் பனிதான், சந்தேகமே வேண்டாம், ஆனால் இரவில் ஓட்டலுக்குள்ளேயே கணப்பு மூட்டி உட்காருவதுதான் இங்கே வழக்கம் என்று உள்ளதைச் சொன்னார். சறுக்குவது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் யோசிக்காமல் குல்மார்க் போங்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

மனாலிக்காரர் திருப்பி என்னைக் கேட்டார், உங்களுக்குத் தூங்க வேண்டுமா, வேண்டாமா என்று. மால் ரோடு பத்து மணி வரை, பழைய மனாலியில் பாட்டுக் கச்சேரி வைக்கிற கஃபேக்கள் பதினொன்றரை வரை, அதற்கு மேலும் வேண்டுமென்றால் டிஜே வைக்கிற இடங்கள் இருக்கின்றன என்றார். சறுக்கும் இடம் சோலாங் பள்ளத்தாக்கு, ஊரிலிருந்து 13 கிலோமீட்டர். மூன்றில் உயரம் குறைந்ததும் மனாலிதான், ஊருக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் இருக்கிறது. குழந்தை டாக்டரிடம் கேட்டேன். இன்ஹேலரும் அதில் மாட்டுகிற ஸ்பேசர் குழாயும் கைப்பையில் இருக்கட்டும், இருமினால் இன்ன அளவு, மூச்சு இழுத்தால் நேரே ஆஸ்பத்திரி என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். முடிவு செய்தாயிற்று. அவருடைய யார்டு நண்பர்கள் மட்டும், மனாலிக்கு எதுக்கு மாமு ப்ளைட்டு, ஷேர் ஆட்டோல ஏறுனா பக்கத்துல நம்ம மணலியில எறக்கி வுட்ருவான் என்று ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து டெல்லிக்குக் காலை விமானம். அங்கிருந்து மாலை ஆறரைக்கு வால்வோ பஸ், ஒரு சீட் 1,400 ரூபாய், சுமார் 530 கிலோமீட்டர். ஜெனிக்கும் தனி சீட் எடுத்தோம், எடுத்தது நல்லதாகப் போயிற்று. நானும் அவளும் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டோம். அவருக்கு அது வேலை நேரமாயிற்றே, இரவு முழுக்க முன்னால் போய்க் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத இந்தியில் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். வளைவுகளில் வாந்தி வரும் குழந்தை என்றால் இரவுப் பயணம்தான் நல்லது, தூக்கத்திலேயே கடந்துவிடும். காலை எட்டரைக்கு மனாலி. அறை ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், ஹீட்டருக்குத் தனியாக 300.

முதல் நாள் அவர் மாலை நாலு மணி வரை தூங்கினார். நான் ஜெனியோடு மால் ரோட்டில் சுற்றினேன். முதல் நாள் அப்படித்தான் இருக்க வேண்டும், உயரம் பழக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு எட்டுக்கு ஜெனி கண்ணைக் கசக்கினாள். எட்டரைக்கு அவள் தூங்கியாக வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் சட்டம். நீ போய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா என்று அவரை அனுப்பினேன். பழைய மனாலி, மால் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150. அவர் திரும்பி வந்து, கிடார் வாசித்த பையன், மீன் வறுவல் ருசி, பாதிக் கடை குளிருக்குச் சாத்தியிருப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாராம். நான் உம் கொட்டியபடியே தூங்கிவிட்டேனாம்.

இரண்டாம் நாள் சோலாங். சுனில் என்பவரின் கார், போக வர 2,200. போகும் வழியில் நம்பர் போட்ட கடைகள் வரிசையாக இருக்கும், அங்கேதான் பனிக்கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு செட் 350 ரூபாய். போட்டுப் பார்த்து, ஜிப் வேலை செய்கிறதா என்று பார்த்து எடுங்கள். எனக்குக் கிடைத்தது பாதியில் வாய் பிளந்துகொண்டது.

சறுக்குப் பலகையும் பயிற்சியாளரும் சேர்த்து ஒரு மணிக்கு 1,200. முதலில் அவர் போனார். நாற்பதடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டி தூக்குகிற மனிதர், சமதரையில் நிற்க முடியாமல் ஏழெட்டு தடவை மல்லாந்தார். ஜெனி கைதட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முறை. இரண்டு பலகைகளின் முன்முனையையும் ஒன்று சேர்த்தால் நிற்கும், நேராக வைத்தால் ஓடும். இது மண்டையில் ஏறக் கால் மணி நேரம். ஏறிய பிறகு ஒரு சின்ன சரிவில், ஒரு முப்பதடி இருக்கும், விழாமல் வந்தேன். முகத்தில் காற்று அறைந்ததும் வாய்விட்டுக் கத்தினேன். யார் பார்த்தார்கள் என்று திரும்பினால், அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பகல் பதினொன்றரை. அவருக்கு நடுநிசி.

அன்று மாலையும் நான் அறையில், அவர் வெளியில்.

மூன்றாம் நாள் காலை சுனிலின் காரில் ஒரு மடாலயம் பார்க்கப் போனோம். அங்கே அவர் காரிலேயே ஜெனியோடு இருந்தார், நான் உள்ளே போய்விட்டு வந்தேன். பிறகு நான் காரில் ஏறினேன், அவர் இறங்கிப் போனார். சுனில் கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டார், மேடம், சாருக்கும் உங்களுக்கும் சண்டையா? இல்லையே, ஏன் என்றேன். சார் வந்தால் நீங்கள் போகிறீர்கள், நீங்கள் வந்தால் சார் போகிறார், நேற்றும் அப்படித்தான். ஹனிமூன் ஜோடிகளில் சில பேர் இப்படிச் சண்டை போட்டுக்கொள்வார்கள், இங்கே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, சேர்ந்து போய்க் கால் நனைத்தால் சரியாகிவிடும் என்றார் நல்ல மனதோடு.

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி, ராத்திரி முழிக்கிற ஊர் எது என்று தேடித் தேடி வந்து, நாங்கள் ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பஸ்ஸிலேயே தொடங்கியிருந்தது, எனக்கு உறைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு இரவுதான் பாக்கி.

அவர் திரும்பி வந்து ஏறியதும் சொன்னேன்.

"அவுரு இன்னா கேக்குறாரு தெரியுமா? நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையான்னு கேக்குறாரு."

அவர் ஷூவில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டே, "சண்ட போடணும்னா கூட ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கணும்மே," என்றார். "நாம எங்க நின்னோம்?"

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று மதியத்துக்குப் போட்டிருந்த அருவித் திட்டத்தை ரத்து செய்தேன். சுனிலைப் பழைய மனாலிக்கு விடச் சொல்லி, திறந்திருந்த கஃபேக்களுக்குப் பகலிலேயே மூன்று பேருமாக ஏறி இறங்கினோம். உள்ளே சிகரெட் பிடிக்க விடுவீர்களா, குளிருக்கு விறகு எரிப்பீர்களா, மின்சார ஹீட்டரா, குழந்தையைக் கூட்டி வரலாமா, வாசலில் டாக்சி கிடைக்குமா. நாலு இடங்களில் ஏதாவது ஒன்றில் இடறியது. ஐந்தாவதில் கல்லாவில் இருந்த பெண், எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்க மூலை மேசையைக் காட்டி, எட்டரைக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

அடுத்து நான் செய்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமான காரியம், சறுக்கியதை விட. ஜெனியின் தூக்கச் சட்டத்தை உடைத்தேன். மதியம் சாப்பிட்டதும் திரையை இழுத்துவிட்டு மூன்று பேரும் படுத்தோம். அவர் தலை சாய்த்த உடனே தூங்கினார், அவரோடு ஒட்டிக்கொண்டு அவளும் தூங்கினாள். எனக்கு எப்போது தூக்கம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்தபோது மணி ஆறு. மூவரும் ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் தூங்கி எழுந்திருந்தோம். டீ வரும் வரைக்கும் யாரும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

எட்டரைக்குக் கஃபே. ஜெனிக்கு இரண்டு பனியன், ஸ்வெட்டர், ஜாக்கெட், காதுக்குக் கம்பளி. இரண்டு பேர் கிடார், ஒருவர் தாளப்பெட்டி, எல்லாம் இந்திப் பாட்டு. ஒன்பதரைக்கு ஆட்கள் நிரம்பி நாற்காலிகளை ஒதுக்கி ஆடத் தொடங்கினார்கள். ராயபுரம் கல்யாண வீட்டு ஆட்டம்தான் எங்களுக்குத் தெரியும். அவர் தோளை உலுக்கி ஒரு சுற்று வந்ததும், பக்கத்து மேசைப் பஞ்சாபிப் பையன்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். ஜெனி எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

பத்தே கால் இருக்கும், இருமினாள். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு தொடர்ச்சியாக.

நீ இரு, நான் இட்டுக்கினு போறேன் என்று எழுந்தேன். அதே நேரத்தில் அவரும், நீ இரு, நான் போறேன் என்று எழுந்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அவள் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நான்தான் முதலில் உட்கார்ந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் செய்தேன். ஸ்பேசரை மாட்டி, சொன்ன அளவு மருந்து கொடுத்து, ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டேன். இழுப்பு இல்லை, விசில் சத்தம் இல்லை. அவர் வாசலுக்குப் போய் டாக்சி நிற்கிறதா என்று பார்த்து, டிரைவரிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார். வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். இழுத்தால் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவது, இழுக்காவிட்டால் மூன்று பேரும் இங்கேயே இருப்பது என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். மூன்றாவது வழி எதையும் யோசிக்கக் கூடாது.

இருமல் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போச்சு, வேற வேணும் என்றாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து, பெரிதாக மூச்சு விட்டார். "இன்னாமே இது, ரெண்டு பேரும் ஒண்ணா குந்திகினு கீறோம். அப்போ யாரு டூட்டியில கீறது?"

"ரெண்டு பேருந்தான்."

"ரெண்டு பேருக்கும் சம்பளம் தருவாங்களா?"

வேறு வறுவல் வந்தது. பதினொன்றரைக்கு விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தபோதுதான் எழுந்தோம். பில் 1,850. வெளியே லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது, அவள் அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். டாக்சிக்காரர் தன் சட்டைக் காலரைக் காதுவரை தூக்கிவிட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு.

சறுக்கு மட்டுமே வேண்டுமென்றால் குல்மார்க். அமைதி வேண்டுமென்றால் அவுலி. இரண்டும் பாதிப் பாதி போதும், இரவு வேண்டும் என்றால் மனாலி. டிசம்பர் கடைசியை நம்பாதீர்கள், கூட்டம் இருக்கும், சறுக்குகிற அளவுக்குப் பனி இருக்கும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரி நல்லது, ஆனால் பெரிய பனி விழுந்தால் சோலாங் ரோட்டைப் பாதியில் மூடிவிடுவார்கள், அதனால் சறுக்குவதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வீடியோவில் பார்த்த கஃபே குளிர்காலத்தில் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். இளைப்புள்ள குழந்தை என்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள், இரவு வெளியே போவதற்கு முன் அந்த இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள். உள்ளே புகை இருந்தால் எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் வேண்டாம். சறுக்கப் பழக ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணியாக எடுங்கள். எங்களைப் போல ஷிப்டில் வாழ்கிற குடும்பம் என்றால், போய்ச் சேர்ந்த முதல் நாளே எல்லோரும் சேர்ந்து பகலில் தூங்கிவிடுங்கள். நாங்கள் அதைக் கண்டுபிடிக்க மூன்றாம் நாள் ஆகிவிட்டது. மொத்தச் செலவு, விமானம் உட்பட, மூன்று பேருக்கும் 68,000 ரூபாய்க்குள் முடிந்தது.

திரும்பி வந்து இரண்டாவது வாரம், அவர் யார்டில் ஷிப்ட் இன்சார்ஜிடம் மாதத்துக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறார். கேட்கப்போவதாக என்னிடம் சொல்லவே இல்லை. இன்சார்ஜ், இன்னா நைனா, பனியில மூள மரத்துப் போச்சா, நைட் அலவன்ஸ வுட்டுட்டுப் போறியே என்று கிண்டல் செய்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அந்த ஒரு வாரம் ஜெனியை ப்ளே ஸ்கூலிலேயே மாலை வரை விட வேண்டும். நேற்று ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய்ப் பேசினேன். அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு ஸ்பேசரை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு தடவை செய்து காட்டினேன். மூன்றாம் தடவை ஆயாவே எனக்குச் செய்து காட்டினார். படிக்கட்டில் பாதி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வரும் திங்கட்கிழமை முதல். இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்கு வருவார், நானும் வீட்டில் இருப்பேன், காலை வரை இரண்டு பேருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்ததும் என்ன செய்வது என்று நேற்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.